குறிஞ்சாக்கேணியில் ஒரு பாகுத் தொட்டி

எழுபதுகளின் முற்பகுதியில் நான் திருகோணமலையில் கால்நடைப் பகுதி உத்தியோகத்தனாக இருந்தேன். கோடை மாதங்களில் கிண்ணியாப் பக்கத்து இறைச்சி மாடுகள் எலும்பும் தோலுமாகிவிடும். வைக்கோலால் வயிறு நிறையும்; உடம்பு தேறாது. கந்தளாய் ஆலையில் சீனி எடுத்தபின் மிஞ்சுகிற கறுத்த பாகில், அளவோடு யூரியாப் பசளையும் உப்பும் தண்ணீரும் கலந்து மாடுகளுக்கு நக்கக் கொடுத்தால் தேறும் என்று எங்கள் கந்தோரில் சொன்னார்கள். அதை மாட்டுக்காரர்களுக்குச் செய்து காட்டும் வேலை எனக்கு வந்தது.

முதல் பீப்பாவைக் குறிஞ்சாக்கேணியில் ஒரு பட்டிச் சொந்தக்காரரிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயதிருக்கும். நாற்பதுக்கு மேல் மாடுகள். கிண்ணியா முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் அவரைக் காக்கா என்றேன். அவர் என்னை ஐயா என்றார். அந்த ஐயாவில் மரியாதை பாதி, சந்தேகம் பாதி.

மூடியைத் திறந்ததும் புளித்த வாடை எழுந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"சாராயம் வடிக்கிற சாமானெல்லோ இது?"

"சீனிப் பாகு காக்கா. இதில சாராயமும் வடிக்கலாம். ஆனா இது வடிச்சதில்ல."

"இதத் திண்ட மாட்ட அறுத்தா, அந்த இறைச்சிய நாங்க திங்கலாமா?"

"மௌலவியிட்டக் கேட்டுப் பாருங்கோவன்."

"கேட்டுட்டன். வெறி தராட்டிப் பரவால்ல எண்டார். வெறி தராது எண்டு ஆர் சொல்றது? நீங்கதானே."

நான் விரலை விட்டுப் பாகை நக்கிக் காட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யூரியாவைக் கரைத்து ஊற்றிக் கலக்கினேன்.

"இப்ப நக்குங்க ஐயா."

"ஏலாது. யூரியா மனிசருக்கு ஆகாது."

"உங்கட வயித்துக்கு ஆகாதது என்ட மாட்டுக்கு மட்டும் ஆகுமா?"

மாட்டின் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன, அவை யூரியாவைச் சத்தாக மாற்றிவிடும் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல, பொய் சொல்கிறவனுடைய குரல்போலவே என் குரல் எனக்குக் கேட்டது.

கடைசியில் ஆறு இளங்காளைகளை, அவர்கள் சொல்வதுபோல் நாம்பன்களை, பிரித்துத் தந்தார். பட்டியிலேயே மெலிந்த ஆறு.

அவற்றைப் பார்த்துக்கொண்டவர் சம்பூரைச் சேர்ந்த ஒரு தமிழர். பன்னிரண்டு வருடமாக அந்தப் பட்டியில் வேலை, அதிகம் கதைக்கமாட்டார். முதலில் வைக்கோல் போடவேண்டும், மாடுகள் குடிக்காமல் நக்க மட்டும் செய்யும்படி பாகின்மேல் மரச்சட்டத்தை மிதக்கவிட வேண்டும், மழைத்தண்ணீர் விழக்கூடாது என்றெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"பசளை கூடினா?"

"செத்துப்போகும்."

தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒன்றரை மாதத்தில் நாம்பன்களின் தோல் மினுங்கத் தொடங்கியது. காக்காவின் முகம் மட்டும் தெளியவில்லை.

"சம்பூர்ப் பக்கம் உங்கட தமிழாக்களுக்கும் பாகு குடுத்தீங்களாம், அந்த மாடுகள் இதவிட நல்லாத் தேறிட்டாமே?"

"எல்லா இடமும் ஒரே கலவைதான் காக்கா."

"அப்பிடியா?" என்றார். அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு சந்தேகம் வளர்ந்துகொண்டிருந்தது. பீப்பாவில் பாகு வேகமாக இறங்கியது. ஆறு மாடுகள் அவ்வளவு நக்க ஏலாது. அந்தக் காலத்தில் காட்டுக்கரைகளில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் பாகுக்கு அலைந்து திரிந்தார்கள். மேய்ப்பவர் பாகை அவர்களுக்கு விற்கிறார் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். அவர் பக்கத்தில் வந்தால் வாயில் வாடை வருகிறதா என்று மோந்துகூடப் பார்த்திருக்கிறேன்.

ஒரு காலை, கிண்ணியாத் துறையில் படகைவிட்டு இறங்கியபோது ஒருவர் சைக்கிளோடு காத்து நின்றார். "ரெண்டு நாம்பன் விழுந்திட்டு, ஓடிவாங்க" என்றார். யூரியா கூடிப்போன மாட்டுக்குப் புளித்த வினாகிரிதான் கைமருந்து; துறையடிக் கடையில் இருந்த போத்தல்கள் முழுவதையும் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

இரண்டு மாடுகளும் கால் உதறிக்கொண்டு கிடந்தன. வாயில் நுரை. வயிறு பறைபோல ஊதியிருந்தது. காக்கா கத்தியோடு நின்றார்.

"உயிர் போகமுந்தி அறுக்கப் போறன். செத்தா ஹராமாப் போயிடும்."

"வேண்டாம் காக்கா. நஞ்சேறின இறைச்சிய ஆருக்குக் குடுப்பீங்கள்?"

"நஞ்செண்டு இப்பதானே உங்கட வாயில வருது!"

நான் முதல் போத்தலைத் திறந்தேன். மேய்ப்பவர் மாட்டின் தலையை மடியில் தூக்கி வைத்து வாயைப் பிளந்து பிடித்தார். வினாகிரியைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து போத்தல் போத்தலாக ஊற்றினேன். ஒன்று அரை மணித்தியாலத்தில் செத்தது. கொம்பு வளைந்த மற்றது மத்தியானம் தள்ளாடி எழுந்தது.

அந்தக் களைப்போடும் கோபத்தோடும், கூடிநின்ற எல்லோர் முன்னாலும் நான் மேய்ப்பவர்மேல் பாய்ந்தேன். "பாக ஆருக்கு வித்தனீர்? குறைஞ்சத மறைக்கப் பசளையக் கொட்டினனீரோ?"

"நான் ஒண்டும் செய்யேல்ல ஐயா."

கையைக் கழுவினார். கொட்டிலில் கிடந்த சாரத்தையும் சேட்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தார். காக்கா வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் எனக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காக்கா கந்தோருக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நான்தான் போட்டன் ஐயா. நீங்க எங்களுக்குத் தண்ணியாக் கலந்து தாறீங்க, பசளைய உங்கட வயலுக்கு எடுக்கிறீங்க எண்டு நினைச்சன். பின்பக்கம் வேற தொட்டி வச்சு, பீப்பாவில இருந்து பாகெடுத்து, என்ட வயல் பசளைய நாளுக்கு நாள் கூட்டி அள்ளிப் போட்டன்."

"அண்டைக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீங்க அவரப் பிடிச்சீங்க. நான் விட்டுட்டன்."

அடுத்த ஞாயிறு இருவருமாக மூதூர் வழியாகச் சம்பூருக்குப் போனோம். மேய்ப்பவர் தங்கை வீட்டில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். காக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நானும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது மாட்டைப் பற்றி.

"கொம்பு வளைஞ்சவன் தின்னுறானோ?"

"ஓம், தின்னுது. நீங்க திரும்பி வரோணும்" என்றார் காக்கா.

"வரமாட்டன். இனி ஒரு மாட்டுக்கு வயிறு ஊதினாலும் ரெண்டு பேரும் என்னைத்தான் பாப்பியள்."

கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்குத் தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்.

அடுத்த கோடையில் கிண்ணியாவில் மாட்டுக்காரர்களைக் கூட்டினேன். போன வருடம் மாடு செத்தது ஏன் என்று ஒருவர் கேட்டார். "அளவு பிழைச்சிட்டுது" என்று சொல்லி நான் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தேன். பின்வரிசையில் காக்கா எழுந்து நின்றார். தான் செய்ததையும், பழி யார்மேல் விழுந்தது என்பதையும், பார்த்துக்கொண்டு தான் பேசாமல் நின்றதையும் சொன்னார். பழி போட்டது நான் என்று மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பழி போட்டவன் நான்தான் என்று அப்போது நானே சொல்லியிருக்கவேண்டும். கலவை அளக்கும் சாடியைக் கையில் எடுத்து, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு யூரியா என்று விளக்கத் தொடங்கினேன்.