மேலக்காவுக்கு உப்பு எழுதிக் கொடுத்தார்கள்

உலகத்தில் இருக்கிற அத்தனை டாக்டர்களும் உப்பைக் குறை, உப்பைக் குறை என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு மனுஷிக்கு மட்டும் உப்பை அள்ளித் தின்னச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அவள் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வாள்? மேலக்காவுக்கு அதுதான் நடந்தது.

மேலக்கா என்பது அவள் பெயரில்லை. இரும்புக் குழாய்க் கிடங்கில், கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடுகிறதே கிரேன், அதை ஓட்டுகிறவள். நாற்பத்திரண்டு படி இரும்பு ஏணி ஏறி, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இறங்க மாட்டாள். கீழே இருப்பவர்கள் அண்ணாந்து, "மேலக்கா, கொஞ்சம் இடப்பக்கம்" என்று கத்திக் கத்தி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கிடங்கைக் கூட்டிப் பெருக்க வந்தவள், பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி மேலே போனாள். பதினோரு வருஷமாயிற்று. எட்டு டன் குழாய்க் கட்டைத் தூக்கி, லாரியின் பலகை முனகாமல் இறக்கி வைப்பாள். அந்தக் கூண்டைத் தவிர இந்த உலகத்தில் தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததும் கண் இருட்டியது. இரண்டாம் தடவை கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு சமாளித்தாள். மூன்றாம் தடவை இறங்கும்போது, தரைக்கு ஒன்பது படி மேலே, முழங்கையை ஏணிக்குள் கோத்துக்கொண்டு ஒரு நிமிஷம் தொங்கினாள். கிடங்கே அண்ணாந்து பார்த்தது. ஃபோர்மன் அன்றைக்கே அவளை இறக்கி, வாசலில் ஒரு நாற்காலி போட்டு, லாரிச் சீட்டுகளில் முத்திரை குத்தச் சொல்லிவிட்டார். அங்கே ஏற்கனவே முத்திரை குத்த ஆள் இருந்தார். இவள் உப்புக்குச் சப்பாணியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார். பிறகு வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார்.

"வீட்டுக்காரருக்குப் பிரஷர்ங்க. நாலு வருஷமா உப்பக் கொறச்சாச்சு. கடையில விக்கிதே, சோடியம் கம்மியா ஒரு உப்பு, அதுவும் கொஞ்சமாத்தான் போடுவேன்."

"அவருக்குச் சரி. நீங்க?"

"அவர மட்டும் அந்தச் சாப்பாட்ட சாப்பிடச் சொல்லிட்டு நான் எப்படிங்க வேற சாப்பிடறது? நானும் அதேதான்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அவரக் காப்பாத்துற சாப்பாடு உங்களப் படுத்துதும்மா. உங்களுக்கு நின்னா பிரஷர் எறங்குது. கூரைக்கு அடியில அந்தச் சூட்டுல வேர்வையாவும் உப்பு போகுது. தினம் ஒன்றரை ஸ்பூன் சாதா உப்பு கூடுதலா எடுக்கணும், தண்ணி மூணு லிட்டர். ஆனா அளவு மீறினா உப்பு உங்களுக்கும் ஆகாது, அதத் தெரிஞ்சுக்குங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டணும். படுத்திருக்கும்போது பிரஷர் ஏற ஆரம்பிச்சா உடனே நிறுத்திடுவேன். ஆறு வாரம் கழிச்சுப் பத்து நிமிஷம் நிக்க வெச்சுப் பாப்பேன். தாங்கினா மேல ஏறலாம்."

ஆறு வாரம். தேறினால் கூண்டு, தேறாவிட்டால் ஆயுசுக்கும் முத்திரை. அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் ஊர் விட்டதா?

கேன்டீனில் அவள் டப்பாவைத் திறந்து ஸ்பூனால் உப்பை அளந்ததும் எதிரே இருந்த வெல்டர் கையைப் பிடித்தார். அவருடைய சகலைக்கு உப்பால்தான் கிட்னி போயிற்றாம். மாடி வீட்டில் குடியிருந்த நாத்தனார், எலும்பு கரையும், முகம் வீங்கும், முடி கொட்டும் என்று நாளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்தாள். "உனக்கு ரெண்டாவது டாக்டர்கிட்ட போய்க் கேக்கத் தோணலையா அண்ணி?" என்றாள். மேலக்கா சீட்டைக் காட்டினாள். டாக்டர் எழுதினதுதான். பார்த்துவிட்டு, "இருந்தாலும்" என்றாள் நாத்தனார். அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அதை உரலில் போட்டு இடித்தாலும் பொடியாகாது. வயிற்றெரிச்சல் தாங்காமல் மேலக்கா எல்லாருக்கும் ஒரே பதில் வைத்துக்கொண்டாள்: "உப்பு தின்னவ தண்ணி குடிச்சுக்கறேன், நீங்க போய் வேலையப் பாருங்க."

புருஷன் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். பேச்சைவிடக் கைவேலை அதிகம். டாக்டர் சொன்ன அன்று மாலையே புது ஜாடி வாங்கிவந்து, உப்பு நிரப்பி, அவள் பெயரை ஒட்டி அலமாரியில் வைத்தார். தீரத்தீர அவரே நிரப்பினார். காலையில் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கையில் கொடுத்தார். இந்த மனுஷனாவது புரிந்துகொண்டாரே என்று மேலக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தினம் ஒன்றரை ஸ்பூன், தலைதட்டி அளந்து, ஒருநாள் விடாமல் தின்றாள்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா நிற்க வைத்தார். நாலாவது நிமிஷம் காது அடைத்தது. ஆறாவது நிமிஷம் நர்ஸ் அவளைத் தாங்கிப் படுக்க வைத்தாள்.

ஒருநாள் முழுக்கப் பிடித்துக் கொடுத்த சிறுநீரின் ரிப்போர்ட்டும் மேஜைமேல் இருந்தது. டாக்டரம்மா அதைத் தட்டினார். "உப்பு சாப்பிட்டேன்னு பொய் சொல்லாதீங்கம்மா. சோடியம் ஒண்ணும் பெருசா ஏறவே இல்ல. பொட்டாசியம்தான் தாறுமாறா இருக்கு."

"ஆடு தின்ன மாதிரி தின்னேங்க."

"எந்த உப்பு?"

"உப்புன்னா உப்புதான்."

டாக்டரம்மா நர்ஸிடம் சாப்பாட்டு அறையிலிருந்து உப்பு எடுத்துவரச் சொல்லி, ஒரு சிட்டிகை உள்ளங்கையில் போட்டார். மேலக்கா நாக்கில் வைத்தாள். சுருக்கென்றது. அடியில் கசப்பு இல்லை. நாலு வருஷமாக அவள் நாக்குக்கு உப்பு என்றாலே பின்னால் லேசாக ஒரு கசப்பு உண்டு. வீட்டில் புது ஜாடியில் இருந்ததிலும் அந்தக் கசப்பு இருந்தது. பழகின நாக்கு அதைச் சந்தேகப்படவே இல்லை.

"அப்ப நீங்க தின்னது அந்த சோடியம் கம்மி உப்பு, அதுல பொட்டாசியம் கலந்திருக்கு. அது அளவாக் கொழம்புல போடறது, ஸ்பூன் ஸ்பூனா அள்ளித் திங்கறதுக்கில்ல. நெஞ்சுக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா. இன்னும் ஒரு மாசம் தவணை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஜாடியை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தார்.

"இதுல என்ன ரொப்பினீங்க?"

அவர் நட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "என்னோடதத்தான்" என்றார்.

மேலக்காவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் முகத்துக்கு நேரே எதிர்த்தது, அதையாவது திருப்பி அடிக்கலாம். பக்கத்தில் படுக்கிற மனுஷன், பெயர் ஒட்டின ஜாடியில், பாசமாக, ஆறு வாரம்.

"எட்டு டன்ன என்னை நம்பித் தூக்கக் குடுக்கறாங்க. ஒன்றரை ஸ்பூன் உப்ப நம்பி நீங்க குடுக்க மாட்டீங்களா?"

"அப்பாவ நீ பாத்தல்ல. ஏழு வருஷம். ஒரு பக்கம் அப்படியே விழுந்து கெடந்தாரு. குளிப்பாட்டறது, தொடைக்கறது, எல்லாம் இந்தக் கைதான். பிரஷர்னாங்க, உப்புன்னாங்க. அவரு கேக்கல." அவர் நிமிரவில்லை. "இன்னொரு தடவ, அதுவும் உன்ன, என்னால முடியாதும்மா."

"முடியாதுன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். அப்பாவுக்கு ஆனது அப்பா உடம்பு. என் உடம்பு வேற, அத டாக்டர் பாத்துச் சொன்னாங்க. நாளைக்குப் படுத்துட்டேன்னா தூக்க நீங்க இருக்கீங்க. ஏணியிலேர்ந்து விழுந்தேன்னா தூக்கறதுக்கு என்ன மிஞ்சும்?"

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரம் கழித்து ஒரு சாதா உப்புப் பொட்டலத்தோடு வந்தார்.

அடுத்த மாசம் அவள் பத்து நிமிஷமும் நின்றாள், கூண்டுக்குப் போனாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் பொட்டலம் வந்த மறுநாள் காலை நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது.

மேலக்கா ஜாடியைத் தானே கழுவித் துடைத்து, பொட்டலத்தைக் கொட்டி, ஸ்பூனை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "தினம் நீங்கதான் அளக்கணும். எனக்குத் தெரியாம ரொப்பின கை, எனக்குத் தெரிஞ்சு போடட்டும்."

அவர் ஒரு ஸ்பூன் அள்ளினார். தம்ளருக்குக் கொண்டுபோகும் முன் கட்டைவிரலால் மேலே கொஞ்சம் வழித்துவிட்டார், தன்னையறியாமல்தான், பழக்கத்தில். மறுபடி இன்னொரு தடவை வழிக்க விரல் எழுந்தது.

"வழிக்காதீங்க" என்றாள்.

விரல் அப்படியே நின்றது. கத்தலாம் போலத்தான் வந்தது அவளுக்கு. மாமனாரின் படுக்கையை ஏழு வருஷம் மாற்றி விரித்தவளும் அவள்தான். அந்த வாடை அவள் மூக்கிலும் இருந்தது.

"நானும்தான் பாத்தேன் உங்கப்பாவ" என்றாள். "எனக்கும் பயம்தான். போடுங்க."

அவர் வழித்ததையும் சேர்த்துப் போட்டார். அவள் கலக்கி, ஒரே மூச்சில் குடித்து, முகத்தைச் சுளித்துவிட்டுத் தம்ளரை நீட்டினாள், இன்னும் அரை ஸ்பூன் பாக்கி இருந்தது.