பெயின்ட்டில் போட்ட பட்டை

அந்த இன்ஜினியரை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. சட்டை கசங்காமல் ஜீப்பில் வந்து, கால் மணி நேரத்தில் எங்கள் தெருவின் தலையெழுத்தை எழுதிவிட்டுப் போனவன்.

எண்பதுகளின் கடைசியில், மனை மலிவு என்று திருநின்றவூர் ஏரிக்கு அப்பால் குடியேறியவர்கள் நாங்கள். கரண்ட் கம்பம் அதுவரை வரவில்லை. நிறைமாத வயிற்றோடு என் மனைவி ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடப்பாள். அந்த ஆடியில்தான் ஒரு டிரஸ்டைச் சேர்ந்தவர்கள் வந்து போர் போட்டு, மோட்டார் ஷெட்டின் கூரையில் சோலார் பலகைகளை வைத்தார்கள். வெயில் இருந்தால் அதில் மோட்டார் ஓடும். மப்பு போட்டால் டீசல் இன்ஜின். சில மாதம் பார்ப்பார்களாம். டீசல் குறைவாகச் செலவானால் எல்லாம் தெருவுக்கே. இல்லாவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் அம்பத்தூரில் லேத் ஓட்டியவன். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. தண்ணீர் தரும் பலகையை மட்டும் விட மனம் வருமா? சந்தனம் மழையில் கரைந்துவிடும் என்று பெயின்ட் வாங்கிவந்து, ஒவ்வொரு பலகைக்கும் வெள்ளையில் மூன்று பட்டையும் நடுவில் சிவப்புப் பொட்டும் அழுத்திப் போட்டேன். தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகு நல்ல வெயிலிலும் மோட்டார் முனகியது. இன்ஜினைத்தான் ஓட்டினோம். தை மாதம் டிரஸ்ட் அனுப்பி அந்த இன்ஜினியர் வந்தான். நாங்கள் எழுதிவந்த டீசல் கணக்கு நோட்டைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த மாதிரி ஊருக்கெல்லாம் சோலார் கட்டுப்படியாகாதுப்பா."

"ஏணி கீது சார். மேல ஏறி ஒரு தபா பாத்துட்டு சொல்லு சார்," என்றாள் என் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு.

"எல்லாம் நோட்டுலயே இருக்கும்மா."

ஜீப்பில் ஏறிவிட்டான். படித்த முட்டாள்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுவாரம் கழற்ற வந்த மெக்கானிக் முதல் பலகையை இறக்கியதுமே சிரித்துவிட்டான்.

"இன்னா நைனா, கண்ணாடி மேல பெயின்ட் அட்ச்சி வெச்சிகீறீங்க? வெயில் எப்டி உள்ள பூரும்? எவன் பாத்த வேல இது?"

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டச் சொல்லிக் கெஞ்சினேன்.

"எனுக்கு கழட்டத்தான் ஆர்டர்," என்றான்.

என் மனைவி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் குடத்தை எடுத்தாள்.

அந்த இன்ஜினியரை இன்னும் வாய் வலிக்கத் திட்டுகிறேன். அவனை விட்டுவிட்டால், திட்டுவதற்கு மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான்.