பங்கஸ் என்று எழுதிய சீட்டு

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என்னிடம்தான் வளர்ந்தன. படித்தது மூன்றாம் வகுப்பு. ராயபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் அலசப் போனவள், பக்கத்து மேஜையில் முதலாளி கேமரா பிரிப்பதைப் பார்த்துப் பார்த்தே ரிப்பேர் கற்றேன். இப்போது திருவொற்றியூரில் சொந்தக் கடை. ஷட்டர், லென்ஸ், ஃபிளாஷ், எது வந்தாலும் பார்ப்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் சரியாகச் செய்ததை எல்லாம் விட்டுவிட்டு, தப்பாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

1. ஞாயிற்றுக்கிழமைப் படங்கள்

எங்கள் பக்கம் கடல் காற்று. லென்ஸுக்குள் ஈரம் புகுந்து பூஞ்சை பிடிக்கும். அதைத் தொழிலில் பங்கஸ் என்போம். கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி ஓடும். படம் மங்கல் என்று யார் வந்தாலும் என் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான்.

லென்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும். எட்டடி தள்ளி நின்று அதை ஒரு படம் எடுக்க வேண்டும். படத்தில் ராகு கால நேரம் படிக்க வந்தால் லென்ஸ் நல்லது, கை வைக்காதே. என் முதலாளி போட்ட வழக்கம் இது. எனக்குக் கை தேறிய பிறகு நானே அதை விட்டுவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும் என்று ஒரு நினைப்பு.

ஞாயிறு காலையில், ஆசைக்குப் படம் எடுக்கிறவர்கள் பிரிண்ட் போட்டுக்கொண்டு கடைக்கு வருவார்கள். படத்து அடிவானத்தின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்துப் பார்ப்பேன். சாய்ந்திருந்தால், "கடலு கொட்டிடப் போவுது, புடிச்சி நிமுத்து" என்பேன். கோபப்பட்டவர்கள் கூட அடுத்த ஞாயிறு வந்துவிடுவார்கள்.

அப்படி வருகிறவர்தான் தேசிங்கு. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் மீன் பிடிக்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைமாறி வந்த பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வைத்திருந்தார். ஒரு ஞாயிறு இரண்டு பிரிண்ட் கொண்டு வந்தார். முதல் படம், எங்கள் திருவொற்றியூர்க் கோயில் வாசலில் நல்ல வெயிலில் அவர் மகளுக்குக் காது குத்தியது.

"ஊசி மொனை தெரியுது நைனா. ஆனா மாமன் மண்டைய ஏன் வெட்டிக்கீற? மடில ஒக்கார வெச்சவன் அவன்தான? சண்டைக்கு வரப் போறான்."

"ஏற்கெனவே வந்துட்டான்மா."

இரண்டாவது படம், அதே நாள் மத்தியானம் அவர் குப்பத்துக் கழிமுகத்தில் எடுத்தது. முன்னால் படகுகள். பின்னால் இருக்கிற கரை, மின் கோபுரம் எல்லாம் வெள்ளையாக மூடிக் கிடந்தன.

"இன்னாது இது? பால்ல முக்கி எடுத்த மாரி கீது."

"இத்தான்மா மனுவோட வெக்கணும். பக்கத்து ஆலைலேர்ந்து சாம்பலு பறந்து வந்து வலை, வூடு, சோத்துத் தட்டுன்னு வியுது. சனிக்கெயம அதிகாரிங்க வராங்கோ. படகு மேல சாம்பலு தெரியுதில்ல?"

"அது தெரியுது. மத்ததுலாம் மங்கிப் போச்சே. லென்ஸுல பங்கஸ்."

டார்ச் அடித்தேன். பின் கண்ணாடி ஓரத்தில் மயிரிழை போல ஒரு நூல் இருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அவரை உட்கார வைத்துக்கொண்டே திறந்து துடைத்தேன். சீட்டு எழுதினேன். என் கடையில் சீட்டை நான்தான் எழுதுவேன், வேறு யாரையும் எழுத விடமாட்டேன். 'லென்ஸ் பங்கஸ். படம் மங்கல்.' கீழே என் கையெழுத்து.

2. வியாழக்கிழமை

வியாழனன்று தேசிங்கு கேமராவோடு வந்து நின்றார். "யம்மா, புதுசா எடுத்தேன். இன்னும் அப்டியே கீது."

கண்ணாடியைக் கோணலாகப் பூட்டிவிட்டேனோ என்று மறுபடி திறந்தேன். அவசரத்தில் ஒரு திருகாணியின் தலை மழுங்கிப் போனது. அழுக்கும் இல்லை, கோணலும் இல்லை. வேறு வழி தெரியாமல் காலண்டரைப் படம் எடுத்தேன். ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. பொடி எழுத்தெல்லாம் தெளிவாக வந்திருந்தது.

ஷேர் ஆட்டோவில் அவரோடு குப்பத்துக்குப் போனேன். கழிமுகத்தில் நின்று வியூஃபைண்டரில் பார்த்தேன். வெள்ளை. கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். அதே வெள்ளை.

"இங்க எப்பவும் இப்டித்தானம்மா கீது," என்றார் தேசிங்கு.

எப்போதும் அப்படி இருந்ததால்தான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் பிறந்ததும் அந்தக் கரையில்தான். எங்கள் கண்ணுக்குப் பழகிப்போனது கேமராவுக்குப் பழகவில்லை. அது உள்ளதைக் காட்டியது, நான் அதற்கு வியாதி என்று பேர் வைத்தேன்.

"உன் படம் நல்ல படம் நைனா. அப்டியே குடுத்துடு," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "திங்கக்கெயமயே குடுத்தாச்சும்மா. உன் சீட்டையும் ஜெராக்ஸ் போட்டு வெச்சிட்டேன். ஒயுங்கா சர்வீஸ் பண்ண கேமரான்னு காட்டறதுக்கு."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. படம் மங்கல், காரணம் பங்கஸ் என்று என் கையெழுத்தோடு ஃபைலில் இருக்கிறது. காற்று வெளுத்திருக்கிறது என்று குப்பத்து ஜனம் சொன்னால், இல்லை லென்ஸ் கெட்டது என்று என் சீட்டே பதில் சொல்லும். தப்பு என்று ஒப்புக்கொண்டால் இனி யார் என்னிடம் லென்ஸ் கொடுப்பார்கள்? அது ஒரு பயம். ஒப்புக்கொண்டாலும் நம்புவார்களா என்பது அதைவிடப் பெரிய பயம். காலண்டர் படம் நான் திறந்து துடைத்த பிறகு எடுத்தது. திறப்பதற்கு முன்னால் லென்ஸ் எப்படி இருந்தது என்பதற்கு என் கையில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு படம் எடுக்கத்தானே முதலாளி வழக்கம் போட்டார்.

வெள்ளிக்கிழமை கடை பெருக்கும்போதுதான் காது குத்தின படம் நினைவுக்கு வந்தது. அதே லென்ஸ், அதே நாள், நல்ல வெயில். ஊசி முனை தெரிகிறது என்று நானே சொன்னேனே! உடனே போன் போட்டேன்.

"அந்தப் படம் எங்க நைனா?"

"மச்சான் கியிச்சிப் போட்டாம்மா. மண்டைய வெட்டிட்டேன்னு."

"கார்டுல கீதா? அயிச்சிட்டியா?"

"தெரில. பொண்டாட்டியாண்ட கேமரா கீது. இரு, பாத்துச் சொல்றேன்."

அவர் திரும்பக் கூப்பிட ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் அந்த மழுங்கின திருகாணியை எத்தனை தடவை எடுத்து எடுத்து வைத்தேனோ. "கீதும்மா" என்றார். இரண்டு படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கார்டில் இருந்த ஃபைல் எண்ணையும் தேதி நேரத்தையும் கீழேயே வரச் செய்தேன்.

3. சமுதாயக் கூடம்

சனிக்கிழமை கூடத்தில் குப்பத்து ஜனம் நிறைந்திருந்தது. நடுவில் ஒரு பெண் அதிகாரி. ஆலை சார்பாக வந்த இன்ஜினியர் நான் பயந்ததையே செய்தார். என் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"கேமரா கடைலயே எழுதிக் குடுத்திருக்காங்க மேடம். லென்ஸ் பங்கஸ். காத்துல ஒண்ணும் இல்ல, லென்ஸ்லதான் கோளாறு."

எழுந்தேன். "அத்த எழுதுனவ நான்தான். தப்பா எழுதிட்டேன்."

"இவங்க சொல்லிக் குடுத்து இப்ப மாத்திப் பேசறீங்களா?"

"என்னிய யாரும் சொல்லிக் குடுத்து பேச வெக்க முடியாது சார்."

பின்னால் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பிரிண்டையும் மேஜையில் வைத்தேன். "மேடம், நம்பரப் பாருங்க. ஒரே கேமரா, ஒரே நாளு. ரெண்டும் நான் லென்ஸுல கை வெக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. இதுல ஊசி மொனை, பின்னாடி கோபுரத்து பொம்மைங்க கண்ணு கூட தெரியுது. மத்தியானம் இங்க வந்து எடுத்தா ஒண்ணுமே தெரில. நடுவுல லென்ஸு கெட்டுப் பூடுமா? ஓரத்துல கொஞ்சம் பங்கஸ் இருந்தது நெசம். அதால படம் இப்டி வெளுக்காது. நம்பலன்னா ஜன்னலாண்ட வந்து அந்த கரண்டு டவரப் பாருங்க."

அதிகாரி எழுந்து ஜன்னலுக்குப் போனார். கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "இதையே எழுதிக் குடுங்கம்மா."

எழுதித் தர இரண்டு மூன்று பேர் வந்தார்கள். வேண்டாம் என்றேன். அந்தச் சீட்டை எழுதிய கைதான் இதையும் எழுத வேண்டும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதினேன். 'நான் எழுதின சீட்டு தப்பு. லென்ஸ் நல்லது.' அடியில் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி அதை வாங்கி, என் பழைய சீட்டின் மேலேயே வைத்துக் குண்டூசி குத்தினார். அடுத்த வாரம் காற்றை அளக்க ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன நாளில் மெஷினோடு வந்தார்கள். மனு இன்னும் நடக்கிறது.

தொழிலுக்கு வருகிறவர்களே, திறப்பதற்கு முன் காலண்டரைப் படம் எடுங்கள். படம் சரியில்லை என்று சொல்வதற்கு முன், அது எடுத்த இடத்தை ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல எழுதினது என் பேத்தி. எங்க கண்ணு, மொதல்லேர்ந்து ஒரு தபா படிச்சிக் காட்டு. நான் தப்புன்னு சொல்ற எடம் வந்தா கொரல கொறைக்காத.