ஒன்பது பத்து வண்டி

எனக்கு பஸ்ஸுன்னா கிறுக்கு. பொம்பளைக்கு எதுக்குடி இந்தக் கிறுக்குன்னு ஊட்டுல கேட்டுக் கேட்டு அவங்களே அலுத்துட்டாங்க. வேலந்தாவளம் முக்குல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். உள்ள ஒக்காந்தா ரோடு முழுசாத் தெரியும். எந்த வண்டி எப்ப வரும், எத்தனை நேரம் நிக்கும், எல்லாம் மனப்பாடம்.

என்னை மாதிரி கிறுக்குப் பிடிச்சவங்க சேர்ந்து நடத்தற பஸ் விக்கி ஒண்ணு இன்டர்நெட்டுல இருக்குதுங்க. யாரு வேணும்னாலும் எழுதலாம், திருத்தலாம். கூலியும் கெடையாது, நன்றியும் கெடையாது. எங்க முக்குக்கு வர்ற வண்டி நேரத்தையெல்லாம் அதுல ஏத்துனது நான். கடையில ஆளில்லாத நேரமெல்லாம் கண்ணு எரிய எரிய ஏத்துனேன்.

அதுல ஒரு வரியை யாரோ அழிச்சாங்க. காலையில ஒன்பது பத்துக்குப் பாலக்காடு போற வண்டி. பேரு போடலை, காரணம் எழுதலை. நான் திரும்பப் போட்டேன். அடுத்த வாரம் மறுபடி அழிச்சாங்க. எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும். தெரியாட்டி கை வெக்காதீங்கன்னு குறிப்பு எழுதி வரியைத் திரும்பப் போட்டேன். மூணாவது வாரமும் அழிச்சாங்க. வெறுத்துப் போச்சு.

பக்கத்தைப் பூட்டுங்கன்னு விக்கியைப் பாத்துக்கறவங்களுக்கு எழுதினேன். முதல்ல அழிக்கறவங்களையே கேட்டீங்களான்னு பதில் வந்துச்சு. கேக்கலை. மூணு வாரமா எனக்கு அது தோணவே இல்லை. வேண்டா வெறுப்பா உரையாடல் பக்கத்துல எழுதினேன்: "ஏனுங்க, எதுக்கு அந்த வரியையே அழிக்கறீங்க?"

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. எழுதுனது ஒரு பொண்ணு. அவ அப்பாவுக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிச்சு. வாரம் ஒரு நாள் பாலக்காட்டு ஆசுபத்திரியில நடக்கப் பயிற்சி குடுக்கறாங்க. அது எங்க மாட்டுச்சந்தை நாளாப் போச்சு. என் பக்கத்தைப் பாத்துட்டு ஆட்டோ வெச்சு முக்குக்கு வந்து நின்னிருக்காங்க. வண்டி வரலை. அடுத்த வண்டியில போனா அவரு முறை முடிஞ்சிருக்கும். ஊடு திரும்பிட்டாங்க. வேற யாரும் இப்படி ஏமாந்து நிக்கக்கூடாதுன்னு வரியை அழிச்சிருக்கா.

"அடுத்த வாரம் பாத்தா வரி திரும்ப இருந்துச்சுங்க. வண்டி மறுபடி வருதாட்ட இருக்குதுன்னு நம்பி அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். அன்னைக்கும் வெயில்ல நின்னோம். இனி வரமாட்டேன்னுட்டாருங்க."

ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. சந்தை அன்னைக்கு முக்கு முழுக்க மாடும், மாடு ஏத்தற டெம்போவும்தான். எந்த பஸ்ஸும் உள்ள வராது. ரேஷன் கடைகிட்டயே திருப்பிட்டுப் போயிரும். இது எங்கூர்ல கைக்கொழந்தைக்கும் தெரியும். தெரிஞ்சதை எதுக்கு எழுதறதுன்னு நான் எழுதலை. என் கடை வாசல்லயும் டெம்போ நிக்கும்ங்கறதால அன்னைக்கு மட்டும் கடை தொறக்கறதில்லை. தொறந்திருந்தா, அவங்க நிக்கறதைப் பாத்தாவது சொல்லியிருப்பேன்.

சந்தை நாளுக்குன்னு தனி வரி போட்டேன், எங்க ஏறணும்னு. அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, நிக்கவே வேண்டாம், உக்கார நான் நாற்காலி போடறேன்னு எழுதினேன். சொல்லிப் பாக்கறேன்னு மட்டும் பதில் வந்துச்சு.

இப்ப முந்தின நாளே கடை நாற்காலியை ஊட்டுக்குக் கொண்டாந்து வெச்சு, சந்தை அன்னைக்குக் காலையில அதைத் தூக்கிக்கிட்டு ரேஷன் கடைக்கு நடக்கறேன். இடுப்பு விட்டுப் போகுது. மாட்டுக்காரங்க சிரிக்கறாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். நாலு சந்தை போயிடுச்சு. கண்டக்டருக்கும் விஷயம் தெரியும். ஒரு நிமிஷம் கூடவே நிறுத்தி, காலி நாற்காலியைப் பாத்து, ஆளு எங்கக்கான்னு கேப்பாரு.

"இன்னைக்கும் வரலீங்க."

வண்டி கெளம்புனதும் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்கு வந்துருவேன்.