ஒரு வெட்டு போதும் என்றார் அவர்

நீங்கள் ஒரு கோழை, சார். ஒரு வேலையை யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, சொல்லத் தைரியம் இல்லாமல், எங்கள் இரண்டு பேர் கையிலும் சீட்டுக்கட்டைக் கொடுத்தீர்கள். இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. மதியம் மூன்று மணி கம்பெனி பஸ்ஸில், ஒரகடம் தாண்டியதும், முன் சீட்டிலிருந்து எழுந்து பின்னால் வந்தீர்கள். மேல் கம்பியை முழங்கை மடிப்பில் இறுக்கிக்கொண்டு, நின்றபடியே கட்டைக் கலைத்தீர்கள். பஸ் குலுங்கியதில் ஒரு சீட்டு கீழே விழுந்தது. ஆட்டீன் ஏழு. குனிந்து எடுத்து, ஊதிவிட்டு, கட்டுக்குள் செருகி என்னிடம் நீட்டினீர்கள். "ஆரம்பிங்கப்பா, எனக்குப் பக்கம் கிடையாது" என்றீர்கள். பிறகு முன் சீட்டுக்குப் போய் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டீர்கள். தூங்கவில்லை. உங்கள் காது பின்னால்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இவர் எங்கள் சூப்பர்வைசர். ஒரகடத்தில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் லைனில் காருக்குக் கதவு பொருத்துவோம். நான் பென்னலூர்க்காரன். என் பக்கத்து ஸ்டேஷனில் நின்றவர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர், என்னைவிட நாலு வயது பெரியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேரும் ஒரே மாதம் காண்ட்ராக்டில் சேர்ந்தோம். இரண்டு வருடம் கழித்து எங்கள் லைனுக்கு ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் வந்தது. மேலே அனுப்ப ஒரு பெயர் வேண்டும். அதைச் சூப்பர்வைசர்தான் எழுத வேண்டும்.

யார் பெயரை எழுதியிருக்க வேண்டும் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. லைன் ஓரத்தில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம், அதில் நாலு கால் பாகம். வேலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் ஒரு கால் கறுப்பாகும். துணையோடு செய்தால் இரண்டு, தனியாகச் செய்தால் மூன்று, அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தால் நாலு. கதவு பொருத்துவதில் அண்ணனின் வட்டம் முழுக் கறுப்பு. என்னுடையதில் ஒரு கால் வெள்ளை. அந்தக் கறுப்பையெல்லாம் அடித்தது சூப்பர்வைசரின் மார்க்கர் பேனாதான். அண்ணன் கதவைச் சாத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். சத்தத்தை மட்டும் கேட்பார். "இல்ல, மேல கீலு இடிக்கி" என்பார். கேஜ் வைத்துப் பார்த்தால் அங்கேதான் இடைவெளி குறைந்திருக்கும். நான் கேஜ் வைத்தும் இரண்டு தடவை பார்ப்பேன்.

அப்புறம் என்ன தயக்கம் என்று கேட்பீர்கள். வெளியூர் ஆளை எடுத்தால் உள்ளூர்ப் பையன்கள் கேட்டில் வந்து நிற்பார்கள். எங்கள் நிலத்தில் கம்பெனி கட்டிவிட்டு வேலை எவனுக்கோ கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. என்னை எடுத்தால் கதவு சரியாக உட்காராது. இதில் எந்தப் பழியையும் அவர் தலையில் போட்டுக்கொள்ள விரும்பவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. ஒருத்தர் விருப்பமில்லைன்னு எழுதிக் கொடுத்துடுங்க, சனிக்கிழமைக்குள்ள" என்றார். யார் எழுதுவது என்று விழித்தோம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "தெனம் பஸ்ல சீட்டுதானே ஆடறீங்க? அதுலயே பாத்துக்கோங்க."

பஸ்ஸின் கடைசி வரிசை எங்களுடையது. கதவு ரப்பர் வருகிற அட்டைப் பெட்டியைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு ரம்மி ஆடுவோம். காசு கிடையாது. தோற்றவன் எழுந்து, இறங்குகிற வரைக்கும் நின்றுகொண்டு வர வேண்டும். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அதைவிடப் பெரிய பந்தயம் இல்லை.

அண்ணன் முதலில் கேட்டது ஒரே ஒரு வெட்டு. "ஏல தம்பி, எதுக்கு இழுத்துக்கிட்டு? கட்டை வை. ஆளுக்கு ஒரு சீட்டு எடுப்போம். பெருசு எடுத்தவனுக்கு வேலை. முடிஞ்சிபோச்சி." அப்படிச் செய்திருந்தால் எனக்கும் அவருக்கும் சரிபாதி வாய்ப்பு. நான்தான் மறுத்தேன். சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "இன்னாணா நீ, ஒரு வெட்டுல வாழ்க்கைய வெக்கிறதா? ஒருநாள் சீட்டே வராம போவும். வாரம் பூரா ரம்மி ஆடுவோம். உனுக்கும் லக்கு வரும், எனுக்கும் வரும். யாரு நெறைய ஜெயிக்கிறமோ அவுங்க. அதாணா நியாயம்."

அண்ணன் யோசித்தார். "நீ சொல்லுததும் சரிதாம்ல. அஞ்சு நாளு ஆடுனா சாமி ஒருநாளாவது கண்ணத் தொறக்கும்" என்றார். என் தோளைத் தட்டினார். நல்லபடியாக யோசித்துச் சொன்னதற்காக என்னைப் பாராட்டினார்.

இதுதான் நான் செய்தது. அதிகம் ஆடினால் அதிர்ஷ்டம் இரண்டு பேருக்கும் சமமாகிவிடும் என்பது உண்மை. அது சமமானபின் மிஞ்சுவது ஆடத் தெரிந்தவன் என்பதும் உண்மை. முதல் பாதியை அவரிடம் சொன்னேன், இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டேன். நான் டிப்ளமோவில் பாடம் படித்ததைவிட ரம்மி ஆடியது அதிகம். கீழே விழுந்த ஒவ்வொரு சீட்டும் எனக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் அப்படி இல்லை. ராஜாவையும் ராணியையும் கையில் கட்டிக்கொண்டு ஜோக்கருக்குக் காத்திருப்பார். ஒரு சீட்டுக்காக ஏங்கினால் முட்டியை ஆட்டுவார். அது வந்துவிட்டால் முட்டி நின்றுவிடும். கார்க் கதவின் சத்தத்தை அவர் கேட்ட மாதிரி அவர் முட்டியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சீட்டைக்கூட நான் ஒளித்ததில்லை, அடையாளம் வைத்ததில்லை. ஏமாற்றியிருந்தால் மாட்டிக்கொண்டு அடி வாங்கியிருப்பேன். இதற்கு யாரும் அடிக்க மாட்டார்கள்.

முதல் இரண்டு நாள் சீட்டு அவர் பக்கம் கொட்டியது. ஆறு ஆட்டம் அவருக்கு, இரண்டு எனக்கு. பஸ்ஸே கூத்தாடியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "டேய் பென்னலூரு, இன்னாடா மூஞ்சி தொங்கிகினு கீது? கலெக்டர் போஸ்டாடா போச்சு?" என்றார். ஆனாலும் இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு அந்த இரண்டு நாளும் கால் தரையில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் எட்டு பேர் ஷிப்ட் மாற்றிப் படுக்கிற அறையில் இருந்தவர் அவர். பெர்மனென்ட் ஆனால்தான் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் அனுப்புவேன் என்று மாமனார் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை இறங்கும்போது, கோயில் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், தண்ணீர் உள்ளேயே வருவதாகவும் என்னிடமே சொன்னார்.

புதன்கிழமை ஆட்டம் திரும்பியது. அன்று நாலு ஆட்டம் எனக்கு. அண்ணன் இடம் மாறி உட்கார்ந்தார். மறுநாள் வியாழன். திங்கட்கிழமை ஜெயித்தபோது போட்டிருந்த அதே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சாமி இந்த நாத்தத்துக்கே ஓடிப்போயிருக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அன்றும் தோற்றார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், சீட்டைக் கட்டி வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நான் எதும் தப்பா ஆடுதேனால? ஒனக்குத்தான் ஆட்டம் தெரியும். சொல்லு, திருத்திக்கிடுதேன்."

கேட்டது என்னிடம். நாளை என்னை எதிர்த்து ஆடப் போகிறவர், என்னிடமே கேட்டார். நான் அட்டையை மடித்துக்கொண்டே சொன்னேன்: "தப்புலாம் ஒண்ணும் இல்லணா. உனுக்குச் சீட்டு வரல. அவ்ளோதான்."

அவர் நம்பினார். ராஜா ராணியைக் கட்டிக்கொண்டு, முட்டியை ஆட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமையும் அப்படியே ஆடினார். மொத்தம் இருபத்தொரு ஆட்டத்தில் எனக்குப் பன்னிரண்டு. கடைசி ஆட்டம் முடிந்ததும் அண்ணன் எழுந்து நின்றார். அந்த வாரம் யாரும் யாரையும் நிற்க வைக்கவில்லை. "உக்காருணா" என்று இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். "ஆட்டம்னா ஆட்டம்லா" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நின்றார். அவர் முகம் என் தலைக்கு மேலே இருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இறங்கும் முன் என் பேனாவை வாங்கித்தான் எழுதினார், தனக்கு விருப்பமில்லை என்று. சூப்பர்வைசர் வந்து தாளை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "விடுப்பா. எல்லாம் லக்கு. அடுத்த வாட்டி உனக்கு அடிக்கும்" என்றார்.

அடுத்த வாட்டி வரவில்லை. அவருடைய காண்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அவருடைய ஸ்டேஷனில் என்னை நிறுத்தினார்கள். முதல் வாரமே நான் பொருத்திய கதவுகள் திரும்பி வந்தன. அப்புறம் பழகிவிட்டது. எனக்கு வீடு, வண்டி, கல்யாணம் எல்லாம் அந்த வேலையில் வந்தது. சீட்டாட்டத்தை அன்றோடு விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. இன்றும் ஆடுகிறேன், இன்றும் ஜெயிக்கிறேன். அண்ணனின் நம்பர் என் பழைய போனில் இருந்தது. ஒரு தடவைகூட அடிக்கவில்லை. என்ன செய்கிறார் என்று கேட்டால் அவர் சொல்லிவிடுவாரே என்ற பயம்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. பாலிடெக்னிக் ஒன்றில் மேடை போட்டு, எங்கள் சூப்பர்வைசரை, இப்போது பெரிய பதவியில் இருப்பவரை, பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் எங்கள் கதையைச் சொல்கிறார். சமமான இரண்டு பேர் இருந்தார்களாம். ஞாபகசக்தி, பொறுமை, நிதானம் மூன்றையும் சோதிக்க, ஐந்து நாள் சீட்டாட்டம் என்று இவர் ஒரு பரீட்சை வைத்தாராம். ஒருவன் திறமையால் ஜெயித்தானாம். இன்னொருவன் இடம் மாறி உட்கார்ந்து, துவைக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு, அதிர்ஷ்டத்தை நம்பிக் கெட்டானாம். "அதிர்ஷ்டம்னு ஒண்ணு கிடையவே கிடையாது, மாணவர்களே!" என்கிறார். பையன்கள் கை தட்டுகிறார்கள். அந்தத் துவைக்காத சட்டைக்குச் சிரிக்கிறார்கள்.

சார், தோற்றவரிடம் லக்கு என்றீர்கள். மேடையில் திறமை என்கிறீர்கள். ஆட்டத்தில் திறமை எனக்குத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலை சீட்டு ஆடுகிற வேலை இல்லை. நான் செய்த கேவலத்தை இங்கே என் வாயால் சொல்லிவிட்டேன். அந்த அண்ணன் கண்ணில் இது பட்டால், அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். இனி உங்கள் முறை. எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். எந்த மேடையில் அவரைக் காட்டிச் சிரிக்க வைத்தீர்களோ அதே மேடையில், அதே மாணவர்கள் முன்னால், மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள். கதவைச் சரியாகப் பொருத்தியது எங்களில் யார்? அது தெரிந்தும் அவர் பெயரை ஏன் எழுதவில்லை?