எஸ்தர் அக்காவின் பெயரைச் சொல்லிச் சிக்கனம் பேசாதீர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், முந்தின நாள் கூட்டை முகர்ந்து பார்த்தபடி அடுப்பின் முன் நின்றிருந்தேன். தேறுமா, கொட்டிவிடலாமா என்று தெரியவில்லை. இப்படிச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு எனக்கு ஒருவர் இருந்தார். எஸ்தர் அக்காவை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் அதுவே ஒலித்தது. விடுதியில் சமைக்கும் செல்லம்மக்கா பேசினார்.

"ஏட்டி, எஸ்தர் போயிட்டாளாம். விடியக்காலைல நெஞ்சு அடைக்குன்னு உக்காந்தவ, அப்படியே சாஞ்சிட்டாளாம். நீ வாரியா, நான் முன்னால போகட்டா?"

அந்தக் கூட்டை என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி நூலகத்தில் அவர் நூலகர், நான் உதவி நூலகர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் நாங்கள் பெரும்பாலும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு சக ஊழியர்கள்தான். கல்லூரி மலருக்காக அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். "அவங்க சிக்கனத்தைப் பத்தி முக்கியமா எழுதுங்க, தாளாளர் விரும்புதார்" என்றும் சொன்னார்கள். அந்தப் பக்கத்தை நான் எழுதவில்லை. இது வேறு.

தாளாளர் எதை விரும்புகிறார் என்பது இரங்கல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. மேடையில் எஸ்தர் அக்காவின் படம் பெரிதாக இருந்தது. கையில் ஒரு ஹாட் பாக்ஸ். படத்தின் கீழே 'சிக்கனத்தின் சிகரம்' என்று அச்சடித்திருந்தார்கள். தாளாளர் பேசினார்: "இருப்பதை வைத்து நிறைவாக வாழ்ந்தவர் சகோதரி எஸ்தர். மிச்சம் மீதியில்கூட மகிழ்ச்சி கண்டவர். அவரைப் போல ஒவ்வொருவரும் இருந்துவிட்டால், சம்பளம் போதவில்லை என்ற பேச்சே இந்த வளாகத்தில் எழாது." கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஹாட் பாக்ஸ் அவர் கைக்கு எப்படி வந்தது என்று அந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் கைதட்டினார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் சிக்கனக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டுக்கு 'திரும்பி வந்த வண்டி' என்று பெயர். நூலகத்தில் வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை ஒரு தள்ளுவண்டியில் வைத்திருந்து அன்றைக்கே அலமாரியில் அடுக்கிவிட வேண்டும். அவர் வீட்டிலும் அதே சட்டம். அரை மூடித் தேங்காய், ஒரு கரண்டி சாம்பார், வாடத் தொடங்கிய கீரை எல்லாம் மேல்தட்டுக்கு வரும். அது காலியாகாமல் கடைக்குப் போகக் கூடாது. விருந்து நாளின் மிச்சக் குழம்பையும் பொரியலையும் ஒரே சட்டியில் போட்டு வற்றவைக்கிற சுண்டக்கறியை நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வார்கள். எஸ்தர் அக்கா அதை விருந்தே நடக்காத வாரத்திலும் செய்தார்.

மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்ததும் கேலி ஆரம்பிக்கும்.

"அக்கா, இன்னைக்கு யாரு உயிர்த்தெழுந்திருக்கா?" என்பேன்.

"முந்தாநாள் இட்லி. நேத்து உப்புமாவா இருந்துச்சு. இன்னைக்கு உருண்டையாயிட்டு. சிரிக்காத ட்டீ, உன் டப்பாவுல என்ன, கடைப் பரோட்டாவா? வீட்டுல சோறு இல்லையா?"

அடுத்தவர் டப்பாவை எட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. "முருங்கைக்கீரை கொண்டாந்திருக்கியே, காம்ப என்ன செஞ்ச? ரசத்துக்கு ஆவும்லா" என்று என்னை விசாரித்திருக்கிறார். எரிச்சலாக வரும். ஒருமுறை அவர் கொடுத்த முதல் நாள் சொதியைச் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் வாந்தியெடுத்தேன். மறுநாள் மாலை, புழுங்கலரிசிக் கஞ்சியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "தப்பு என்னுது இல்லம்மா, தேங்காப்பாலுது" என்றார். அம்மாவே சிரித்துவிட்டார்.

இப்படி மிச்சம் பிடித்து அவர் என்ன செய்தார் என்று தாளாளர் கேட்டதில்லை. புத்தகக் கண்காட்சி வரும்போது இரண்டு பைகளுடன் போவார். திரும்பும்போது தோள் வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே பேருந்து ஏறுவார். வீட்டில் அவருக்கென்று தனி அலமாரி ஒன்று இருந்தது. சாமுவேல் அண்ணன், அவருடைய கணவர், அதைக் காட்டி, "எங்க வீட்டுக் காய்கறி எல்லாம் இங்கனதான் இருக்கு" என்று வருகிறவர்களிடம் சொல்வார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அது. சிக்கனம் அதற்கான வழி. அது அவராக ஆடிய விளையாட்டு.

பிறகு அந்தச் சுற்றறிக்கை வந்தது. நிரந்தரமாக்கப்படாத ஊழியர்களின் சம்பளம் 'தற்காலிகமாக' குறைக்கப்படுகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அந்த வருடம்தான் கல்லூரி முகப்பில் புதிய வளைவும் எழும்பியது. எத்தனையோ ஆண்டுகள் வேலை பார்த்தும் எஸ்தர் அக்கா நிரந்தரமில்லை, நானும் இல்லை. அதே சுற்றறிக்கையின் கீழ்ப்பாதியில் இன்னொரு செய்தி இருந்தது. மகளிர் தினத்தை முன்னிட்டு, மிஞ்சிய உணவில் சுவையான பண்டம் செய்யும் போட்டி. பெண் ஊழியர்கள் அனைவரும் கலந்துகொண்டு, குறைந்த செலவில் குடும்பம் நடத்தும் திறனை வெளிப்படுத்த வேண்டும்.

எஸ்தர் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "மேல பாதியில பிடுங்குதான். கீழ்ப் பாதியில, அத வச்சு எப்படிப் பிழைக்கன்னு போட்டி வைக்கான். ஒரே பேப்பர்ல முடிச்சிட்டாம் பாரு, அவன்தான் சிக்கனக்காரன்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வருடம் அவர் புத்தகக் கண்காட்சிக்கு வரவில்லை. நான் வற்புறுத்தியபோது சொன்னார்: "ஆசைக்குச் செய்யுதது வேற ட்டீ, வேற வழியில்லன்னு செய்யுதது வேற. சட்டியில இருக்கது அதே சுண்டக்கறிதான். எனக்கு எறங்க மாட்டேங்கு."

மகளிர் தினத்துக்கு முந்தின வாரம் நிறுவனர் நாள். வெளியூர் விருந்தினர்களுக்காக அண்டா அண்டாவாகச் சோறு வடித்திருந்தார்கள். வர வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. அவரோடு வர வேண்டிய கூட்டமும் வரவில்லை. சோறு அப்படியே இருந்தது. விடுதிப் பிள்ளைகளுக்குப் போடலாமா என்று செல்லம்மக்கா கேட்டதற்கு மேலாளர் சொன்ன பதிலை நானும் கேட்டேன்: "விருந்துச் சாப்பாட்டப் போட்டுப் பழக்கிட்டா, நாளைக்கும் கேப்பாளுவ. கொட்டிருங்க." மைதானத்தின் பின்பக்கம் குழி வெட்டிக் கொட்டினார்கள். அன்று மாலை எஸ்தர் அக்காவும் செல்லம்மக்காவும் கடைசி அண்டாவிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சோற்றை ஆட்டோவில் ஏற்றினார்கள். எதற்கு என்று கேட்டேன். "வத்தலுக்கு" என்றார் எஸ்தர் அக்கா.

சோற்றை இரவு தண்ணீரில் போட்டு வைத்து, பச்சை மிளகாயும் சீரகமும் உப்பும் சேர்த்து அரைத்து, பழைய வேட்டியில் கிள்ளி வைத்துக் காயப்போட்டால் அதுதான் சோற்று வத்தல். நம் ஊர் மார்ச் மாத வெயிலுக்கு அது சரசரவென்று காய்ந்துவிடும்.

போட்டியன்று எல்லோரும் பிரெட் அல்வா, சப்பாத்தி நூடுல்ஸ் என்று அலங்கரித்து வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் போட்டிக்காகவே புதிதாக வாங்கிச் செய்தது. எஸ்தர் அக்கா முன்னால் ஒரு தட்டு நிறையப் பொரித்த வத்தல் மட்டும் இருந்தது. நடுவர் தாளாளரின் மனைவி. ஒன்றைக் கடித்தார், முகம் மலர்ந்தது.

"என்ன மொறுமொறுப்பு! எந்த அரிசிம்மா இது? நம்ம ஊரு அரிசி மாதிரி இல்லையே."

"உங்க அரிசிதான் மேடம்" என்றார் எஸ்தர் அக்கா. குரலை உயர்த்தவில்லை. அருகிலிருந்த ஒலிவாங்கி அதை அரங்கத்துக்குக் கொண்டுபோனது. "நிறுவனர் நாளுக்கு வடிச்சது. குழிக்குப் போற வழியில கொஞ்சம் எங்க வீட்டு மொட்டைமாடிக்கு வந்துட்டு."

மேடத்தின் கையில் பாதி வத்தல், வாயில் பாதி. துப்பவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

"முழுங்கிருங்க மேடம்" என்றார் எஸ்தர் அக்கா. "வீணாக்கக் கூடாதுல்லா."

பின்வரிசையில் செல்லம்மக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். சிறப்பு விருந்தினராக வந்திருந்த அம்மையார் இது முன்பே ஏற்பாடு செய்த நகைச்சுவை என்று நினைத்துப் பலமாகக் கைதட்டிவிட்டார். அதனால் முதல் பரிசை எஸ்தர் அக்காவுக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. அதுதான் அந்த ஹாட் பாக்ஸ். இரங்கல் கூட்டத்தில் மேடையில் இருந்தது அந்தப் படம்தான். கையில் ஹாட் பாக்ஸுடன் அவர் சிரிப்பது சிக்கனத்தின் மகிழ்ச்சியால் அல்ல. படத்தின் ஓரத்தில் வெட்டப்பட்டிருக்கும் மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அந்த ஹாட் பாக்ஸில் அவர் வீட்டில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்.

அடுத்த மாதமே அவரை நூலகத்திலிருந்து விடுதிச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். உணவுப் பொருளின் அருமை தெரிந்தவர் அங்கே இருந்தால் விரயம் குறையும் என்று ஆணையில் காரணம் எழுதியிருந்தது. நூலகவியலில் முதுகலை படித்தவர் பருப்பு மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆள் வராத நாள்களில் அவரே ஒரு கை பிடித்தார். நான் கொதித்தேன். எழுதிக் கொடுப்போம், எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவோம் என்றேன்.

"வாங்கு. முதல்ல சம்பளத்தக் கேளு, பெறகு என்னையக் கேளு" என்றார். "ஆனா ஒண்ணு. நாளைக்கு அவனுக உங்கள உக்காத்தி வச்சு, எஸ்தரப் பாருங்க, அவ சமாளிக்கலையான்னு கேப்பானுக. அப்ப வாயப் பொத்திக்கிட்டு இருக்காதீய. நான் ஒண்ணும் சமாளிக்கல. பல்லக் கடிச்சிட்டு இருக்கேன்."

இதை அவர் சாமான் அறை வாசலில், அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அருகே ஒரு நாவல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

எனக்கு எஸ்தர் அக்காவிடமும் கோபம் உண்டு. இறந்தவரிடம் கோபப்படக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். கடைசி மாதங்களில் படியேறினால் மூச்சு வாங்கியது. இடது தோள் கடுக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால், "வாய்வுதான் ட்டீ. வீட்டுல சுக்கு இருக்கு, பூண்டு இருக்கு. அடுத்த மாசம் பாப்போம்" என்றார். மேல்தட்டில் இருப்பதை முதலில் தீர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டவர், தன் நெஞ்சு வலியை மட்டும் கடைசித் தட்டுக்குத் தள்ளிக்கொண்டே போனார். வீட்டில் இருப்பதை வைத்துச் சரிக்கட்ட முடியாதவையும் உண்டு. அது அவருக்குத் தெரியாமலா இருந்தது? கையில் காசு இருந்த காலத்தில் அவர் இப்படித் தள்ளிப்போட்டதில்லை. பல் லேசாகக் கூசினாலே வைத்தியரிடம் ஓடுகிறவர். எங்கிருந்து தொடங்கினாலும் என் கோபம் கடைசியில் அந்தச் சுற்றறிக்கையில்தான் வந்து நிற்கிறது.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் சாமுவேல் அண்ணன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் தனியாக நின்றிருந்தார். "கேட்டியாம்மா பேசுனத?" என்றார்.

"கேட்டேன் அண்ணே."

"அவ இருந்திருந்தா எந்திரிச்சிருப்பா."

நான் எழுந்திருக்கவில்லை. பேச வராதவள் நான். எழுதத்தான் வரும். அவர் வண்டியின் முன்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அடியில் ஒரு கைப்பிடி சோற்று வத்தல் இருந்தது. "அந்த வத்தல்தான். இது உனக்குன்னு எடுத்து வச்சிருந்தா. கேட்டா, அவளுக்குக் கோவம் வார அன்னைக்குக் குடுக்கணும்ம்பா."

ஆற்றுப் பாலத்தைக் கடந்து வீடு வரும்வரை டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். பத்திரமாக எடுத்து வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் கைபட்டது, இனிக் கிடைக்காது. ஆனால் அவர் வீட்டில் அப்படி எதையும் விட்டுவைக்க மாட்டார். எண்ணெய் காயவைத்து அத்தனையையும் பொரித்தேன். நானும் அம்மாவும் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். ஒன்றுகூட மிஞ்சவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அதனால் அவர் நினைவாக என்னிடம் பொருள் எதுவும் இல்லை. இருப்பது அவர் விட்டுப்போன ஒரு வேலை. அன்று பேசிய சம்பள மனுவை எழுதி, என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். நாளை ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ எழுந்து, எஸ்தர் சமாளிக்கவில்லையா என்று கேட்பார். அந்த அறையில் நான் இருப்பேன். இந்த முறை எழுந்திருப்பேன். அவர் சமாளிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வேன். கேட்டவர் வாயில் அந்த நேரம் என்ன இருந்தாலும், முழுங்கிருங்க என்பேன்.