மூடுபனிக்குள் இரண்டு குரல்

ஓவேலியில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் நானும் மகனும் மட்டும்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். விடிந்ததும் தேயிலைக்குள் போய்விடுவான். எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஒருநாள் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு பின்னால் போனேன். மூடுபனியில் ஆள் தெரியவில்லை. இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று என் மகனுடையது. இன்னொன்று யாரோ ஆம்பளையின் கட்டைக் குரல்.

"யாருடா கூட இருக்கறது?" என்று கத்தினேன்.

பனி விலகியபோது பாடப்புத்தகத்தோடு அவன் மட்டும் நின்றான்.

"குரல் மாறி மாறி வருதும்மா. கிளாஸ்ல படிச்சா சிரிக்கறாங்க. அதான் இங்க வந்து பழகறேன்," என்றான், பாதி அவன் குரலில், மீதி அந்த ஆளின் குரலில்.

கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "படி, கேக்கறேன்," என்றேன். அந்த ஆளோடு பழக எனக்குத்தான் ரொம்ப நாளானது.